கிலோவுக்குச் சம்பளம், சுவைக்கு விலை

முப்பது வருசம் பழசான ஒரு போர்தோ சிவப்பு வைனைத் திறந்து, ஒரே ஒரு மிடறு வாயில வைச்சு, அப்புறம் அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுகிறவர்களை வீடியோக்களில் பார்த்திருப்பீங்க. "சிகார் பெட்டி வாசம்" என்பார். "மழைக்கு நனைஞ்ச காட்டு மண்" என்பார். பழைய தோல் பை, உலர்ந்த காளான், புகையிலை என்று அடுக்கிக்கொண்டே போவார். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வரும். திராட்சையில தோல் பை எங்கிருந்து வந்தது, காசு கூடினவன் விடுற கதை என்று சொல்லிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவோம்.

அந்த ஆளைப் பார்த்து நாம சிரிக்கிறதை விட்டுட்டு, அவர் செய்கிற வேலையைக் கற்றுக்கொள்ளணும் என்பதுதான் என் கருத்து. வைனுக்காக இல்ல. லுணுகலை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை என்று நம்ம மலைகளில் பறிக்கப்படுகிற கொழுந்துக்காக. ஏன்னா நம்ம வீட்டு வருமானம் கடைசியில போய் நிற்பதும் இப்படி ஒரு ஆளுடைய நாக்கு நுனியில்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிடுறேன். சாராயமும் கசிப்பும் லயத்துக்குள்ள என்ன செய்திருக்கு என்று தெரிஞ்ச யாரும் குடியைப் புகழ்ந்து எழுத மாட்டாங்க. நானும் எழுதல. வைனைச் சோதிக்கிற தொழில்காரர் அதைக் குடிக்கிறதே இல்ல. வாயில சுழற்றிப் பார்த்துட்டு வாளியில துப்பிடுவார். தேயிலை டேஸ்டரும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் வேலை குடிக்கிறது இல்ல, தீர்ப்புச் சொல்றது.

அந்தத் தீர்ப்பு எப்படி வருது என்று பார்ப்போம். போர்தோ என்பது பிரான்சின் தென்மேற்கில உள்ள ஒரு துறைமுக நகரம். அதைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களின் வைனுக்கும் அதே பேர். "போர்தோ பாணி" என்று சொன்னால், கபர்னே சோவின்யோன், மெர்லோ, கபர்னே ஃபிராங் மாதிரியான திராட்சைகளில் செய்த வைன்களைக் கலந்து, ஓக் மரப் பீப்பாயில சில காலம் வைத்து, பிறகு போத்தலில் அடைப்பது. இன்றைக்கு கலிஃபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் இதே பாணியில் செய்றாங்க.

பழசான ஒரு போத்தலைச் சோதிக்கிறவர் முதலில் கண்ணைத்தான் பயன்படுத்துவார். கிளாசைச் சரித்து ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால பிடிப்பார். இளசான வைன் நாவற்பழச் சாறு மாதிரி ஊதா கலந்து இருக்கும். வருசம் போகப் போக அது செங்கல் நிறத்துக்கு மாறும், விளிம்பில ஒரு செம்மஞ்சள் வளையம் தெரியும். நிறப்பொருளும் தனின் என்கிற துவர்ப்புப் பொருளும் மெல்ல மெல்லச் சேர்ந்து பெரிசாகி, ஒரு பகுதி அடியில மண்டியாகப் படிஞ்சிடுவதுதான் காரணம். அதனாலதான் பழைய போத்தலைக் குலுக்காம மெதுவா வேறொரு பாத்திரத்துக்கு மாற்றுறாங்க. அடுத்தது மூக்கு. பழ வாசம் பின்னால போய், மரம், புகையிலை, ஈர இலை மாதிரியான வாசங்கள் முன்னால வந்திருக்கும். கடைசியில்தான் வாய். ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் எவ்வளவு வறண்டு இழுக்குது? புளிப்பு இன்னும் உயிரோட இருக்கா? துப்பின பிறகு அந்தச் சுவை எத்தனை நேரம் வாயில நிற்குது? இந்தப் போத்தல் இன்னும் ஏறுமுகமா, உச்சத்தில இருக்கா, இல்ல இறங்கிட்டுதா?

ஆக, அந்தச் "சிகார் பெட்டி" சும்மா வந்த சொல் இல்ல. அதுக்குப் பின்னால ஓக் பீப்பாயும் காலமும் இருக்கு. அது ஒரு சுருக்கெழுத்து மாதிரி. ஒரே சொல்லை ரெண்டு டேஸ்டர் கேட்டால் ரெண்டு பேர் மூக்கிலும் ஒரே வாசம் வரணும். அதுக்காக அவங்க சேர்ந்து பழகி உருவாக்கிய மொழி அது.

அதுக்காக அந்த மொழி பேசுகிறவங்க சொல்றதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லல. 2001இல் வெளியான ஒரு ஆய்வு இதுக்கு நல்ல மருந்து. போர்தோ பல்கலைக்கழகத்தில் வைன் தயாரிப்புப் படித்த 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை வைனைக் கொடுத்தாங்க. பிறகு அதே வெள்ளை வைனில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தாங்க. சாயம் கலந்ததுக்கு அவங்க எழுதியது பெரும்பாலும் சிவப்பு வைனுக்குரிய சொற்கள். கண் மூக்கை ஏமாற்றிட்டுது. படித்தவங்களோட நாக்கும் தப்பும் என்பதுக்கு இதைவிடச் சாட்சி வேணாம்.

பேரும் ஏமாற்றும். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ வைன்களை ஐந்து தரமாகப் பிரிச்சாங்க. பிரிச்சவங்க வைன் தரகர்கள். அவங்க கையில இருந்த அளவுகோல், எந்தத் தோட்டத்து வைன் என்ன விலைக்குப் போகுது என்பது. விலை கூடினது மேல் தரம் ஆச்சு, மேல் தரம் ஆனதால விலை இன்னும் கூடிச்சு. அந்தப் பட்டியல் பெரிய மாற்றம் இல்லாமல் இன்றைக்கும் நடப்பில இருக்கு. 1973இல் முத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டதுதான் பேசப்படுகிற ஒரே பதவி உயர்வு.

அதுக்கு மூன்று வருசம் கழித்து, 1976 மே 24ஆம் திகதி, ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி பாரிசில் ஒரு சோதனை வைத்தார். லேபலை மறைத்து, போர்தோவின் பெரிய பேர்களையும் கலிஃபோர்னியாவின் போர்தோ பாணி வைன்களையும் பிரெஞ்சு நடுவர்கள் முன்னால வைத்தார். சிவப்பில் முதலாவதாக வந்தது கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப், 1973ஆம் வருச வைன். "அமெரிக்க வைன் இளசில நல்லா இருக்கும், பழசானால் போர்தோதான் நிற்கும்" என்று சிலர் சமாதானம் சொன்னாங்க. முப்பது வருசம் கழித்து, 2006இல், அதே சிவப்பு வைன்களைத் திரும்பவும் மறைத்துச் சோதிச்சாங்க. முதல் ஐந்து இடமும் கலிஃபோர்னியாவுக்கு. முதலாவது, ரிட்ஜ் மொண்டே பெல்லோ 1971.

இந்த மூன்று கதையிலிருந்தும் நான் எடுக்கிற பாடம் இதுதான். சுவையைத் தீர்ப்புச் சொல்றது பிறப்பிலோ பணத்திலோ வருகிற வரம் இல்ல. பயிற்சியாலயும் ஒப்பிட்டுப் பார்க்கிறதாலயும் வருகிற திறமை. அது பிழைக்கும், திருத்தப்படும். முக்கியமா, அந்த மேசையில யார் உட்கார்ந்திருக்காங்க என்பதைப் பொறுத்து பணம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்.

இனி நம்ம பக்கம் வருவோம். போர்தோ என்ற பேர் மலையகத்துக்கு அவ்வளவு தூரம் இல்ல. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில முதன்முதல் கவனிக்கப்பட்டது நம்ம பக்கத்து மடுல்சீமையில்தான். அதே 1860களில் ஃபிலொக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களைத் தின்னத் தொடங்கிச்சு. அவங்க அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கட கொடியை ஒட்டித் திராட்சையைக் காப்பாற்றினாங்க. இங்க கோப்பி அழிஞ்சு தேயிலை வந்தது. 1880களில் போர்தோ பக்கத்தில் திராட்சைக்கு வந்த பூஞ்சணத்துக்கு எதிராக மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்து ஒரு மருந்து கண்டுபிடிச்சாங்க. மரக்கறித் தோட்டம் செய்கிற அப்பாமாரிடம் கேளுங்க, "போர்டோ கலவை" என்றால் அவங்களுக்குத் தெரியும். அந்த ஊர் மருந்து நம்மகிட்ட வந்து சேர்ந்திருக்கு. அந்த ஊர் ஆட்கள் தங்கட விளைச்சலைப் பற்றிப் பேசுகிற விதம்தான் இன்னும் வந்து சேரல.

பேசுறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு? காற்று இருக்கு. மே மாசத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். மழையை அட்டன், நுவரெலியா பக்கத்து மேற்குச் சரிவுகளில் கொட்டிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அது வறண்டு போயிருக்கும். ஏ-5 பாதையில் பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கிச் செங்கலடி வரை போனால் அந்தக் காற்றும் கூடவே வரும். நான் படிக்கிற வந்தாறுமூலையில் அதுக்குக் கச்சான் என்று பேர். மட்டக்களப்பில அது முகத்தை எரிக்கிற காற்று. மலையில அதே காற்றுதான் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில தேயிலைக்கு ஒரு தனி வாசத்தைக் கொண்டு வருது.

வறண்ட காற்றில செடி தவிக்கும். கொழுந்து மெதுவா வரும், சிறிசா வரும். இலைக்குள்ள இரசாயனம் மாறும். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் கூடும். தசை வலிக்குப் பூசுகிற தைலங்களில் மூக்கில குளிர்ச்சியா ஏறுமே, அந்த விண்டர்கிரீன் வாசத்துக்குக் காரணம் இதுதான். பூ வாசம் தருகிற லினலூல் என்ற பொருளும் இதோட சேரும். உலகத்தில ஊவாத் தேயிலைக்கு என்று தனியாக ஒரு பேர் இருப்பது இந்தச் சில வாரங்களின் வாசத்துக்காக. எல்லாத் தோட்டத்திலயும் எல்லா வருசமும் ஒரே மாதிரி வராது. உயரம், காற்று, மழை மூன்றும் கூடி வரணும். பிறகு ஸ்டோரில் வாட்டுறதிலயோ அரைக்கிறதிலயோ காய வைக்கிறதிலயோ ஒரு பிழை விட்டால் அந்த வாசம் போயிடும்.

இதைக் கொழும்பில எப்படிச் சோதிக்கிறாங்க? தேயிலை ஏலம் அங்க 1883 ஜூலை 30ஆம் திகதி தொடங்கியது, 2020இலிருந்து இணையத்தில் நடக்குது. ஏலத்துக்கு முன்னால தரகர்களுடைய டேஸ்டர்களும் வாங்குகிறவர்களுடைய டேஸ்டர்களும் ஒவ்வொரு மாதிரியையும் சுவைப்பாங்க. சோதனைக்குத் தேயிலை ஊற்றுறதுக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேசத் தரமே இருக்கு. 100 மில்லிலீட்டர் கொதித்த தண்ணிக்கு 2 கிராம் தேயிலை, மூடி போட்ட வெள்ளைப் பீங்கான், 6 நிமிசம். இதோட முன்னோடியான பிரிட்டிஷ் தரத்தைக் கேலி பண்ணி 1999இல் இக் நோபல் பரிசு கூடக் கொடுத்தாங்க. ஆனா அந்த ஆறு நிமிசத்தில ஒரு ஞாயம் இருக்கு. எல்லா மாதிரிக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். அப்போ கோப்பைக்குக் கோப்பை தெரிகிற வித்தியாசம் தேயிலையோடதுதான், ஊற்றின கையோடது இல்ல.

டேஸ்டர் உலர்ந்த தூளைப் பார்ப்பார். ஊறிய இலையைப் பார்ப்பார். அது புதுச் செப்புக்காசு மாதிரி பளபளத்தால் நல்லது, பச்சையா மங்கலா இருந்தால் குறை. பிறகு சாயத்தைக் கரண்டியில எடுத்து, காற்றோட சேர்த்து "சர்ர்ர்" என்று சத்தம் வர உறிஞ்சுவார். நம்ம வீட்டில அப்படி உறிஞ்சினா அம்மா திட்டுவாங்க, அங்க அதுதான் முறை. காற்று சேர்ந்தால்தான் வாசம் பின்வாயிலிருந்து மூக்குக்கு ஏறும். வைன்காரர் வாய்க்குள்ள காற்றை இழுப்பதும் இதுக்குத்தான்.

வைனுக்குத் தனின் மாதிரி தேயிலைக்கும் துவர்ப்புப் பொருள்கள் இருக்கு. கொழுந்து நசுங்கிக் காற்றுப் படும்போது தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்று ரெண்டு வகைப் பொருள்கள் உருவாகும். முதலாவது சாயத்துக்குப் பொன் நிறப் பளபளப்பையும் நாக்கில சுறுக்கென்ற உயிரையும் கொடுக்கும். இரண்டாவது சிவப்பையும் கனத்தையும் கொடுக்கும். நல்ல தேத்தண்ணியைப் பால் சேர்க்காமல் ஆற வைத்துப் பாருங்க, பால் கலந்த மாதிரி கலங்கும். கெட்டுப்போச்சு என்று ஊத்திடாதீங்க. தியாஃபிளேவினும் கஃபீனும் சேர்ந்து திரளுது. டேஸ்டர்கள் அதைத் தரத்துக்கு அடையாளமா எடுப்பாங்க.

ஒரு விசயத்தில மட்டும் தேயிலை வைனுக்கு நேர் எதிர். நல்ல போர்தோ போத்தலுக்குள்ள இருபது, முப்பது வருசம் வளரும். ஊவாப் பருவத் தேயிலை வளராது. எவ்வளவு நல்லா அடைச்சு வைத்தாலும் மாசங்கள் போகப் போக அந்த வாசம் மெலிஞ்சிடும். 1971ஆம் வருச வைனை 2006இல் திறந்து பார்க்கலாம். அந்த வருசத்து ஊவாத் தேயிலை எப்படி இருந்தது என்று இன்றைக்கு யாரும் சோதிச்சுப் பார்க்க முடியாது. அதைச் சேமிக்கிற ஒரே இடம் சுவைத்தவரோட ஞாபகமும் அவர் எழுதி வைத்த சொற்களும்தான். அந்தச் சொற்கள் இதுவரை தரகர் அறிக்கைகளில் ஆங்கிலத்தில் இருக்கு. தமிழில, பறிச்சவங்க வீட்டில, ஒரு வரி கிடையாது.

இனித்தான் சம்பளக் கதை.

தோட்டத்தில சம்பளம் கிலோக் கணக்கு. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அவ்வளவு எடுத்தால் ஒரு பேர், எடுக்காட்டி அரைப்பேர். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ஞ்சால் சுமார் ஒரு கிலோ தேயிலை. இப்போ மேல சொன்னதைத் திரும்பப் பாருங்க. ஊவாக் கொழுந்து மிகச் சிறப்பா இருக்கிற வாரங்கள் எவை? காற்று வறண்டு, கொழுந்து மெதுவா, சிறிசா வருகிற வாரங்கள். அதாவது கூடை நிறையாத வாரங்கள். கொழும்பில வாங்குகிறவங்க தேடி வருகிற அதே கொழுந்தை, மடுவத்தில தராசு "குறைவு" என்று காட்டும். வெயில் காலத்தில பேருக்கான கிலோவைக் குறைக்கிற தோட்டங்களும் இருக்கு, அதை மறைக்கல. ஆனா குறைத்தாலும் அது ஒரு இரக்கம் மாதிரித்தான் கொடுக்கப்படுது. "இந்த வாரம் நீங்க எடுத்தது விலை கூடின கொழுந்து" என்று சொல்லி ஒரு ரூபாய் கூட்டிக் கொடுப்பது இல்ல.

போர்தோவில இதைத் தலைகீழா வைத்திருக்காங்க. அங்க ஒரு ஹெக்டேயரில இவ்வளவுக்கு மேல வைன் எடுக்கக்கூடாது என்று விதியே இருக்கு. பெயர் பெற்ற தோட்டங்கள் அதைவிடவும் குறைவா எடுக்கிறோம் என்று பெருமையா விளம்பரம் செய்யும். குறைந்த விளைச்சல் அங்க விலையைக் கூட்டுகிற காரணம். நமக்கோ குறைந்த விளைச்சல் அரைப்பேர். அங்க திராட்சை வெட்டுகிற தொழிலாளி சொர்க்கத்தில இருக்கிறார் என்று நினைச்சிடாதீங்க. அவங்களும் பெரும்பாலும் பருவகாலக் கூலிகள், அவங்க பேரும் லேபலில் இருக்காது. ஆனா கிலோவை மட்டும் அளந்தால் சுவை கெடும் என்பதை அந்தத் தொழில் எப்போவோ ஒத்துக்கொண்டிருக்கு. கிலோவுக்காக ஓடுகிற கை முற்றின இலையையும் சேர்த்துத்தான் பிடுங்கும். ரெண்டு இலை ஒரு மொட்டு பார்த்து எடுக்கிற கைக்கு நேரம் வேணும். அந்த நேரத்துக்குக் காசு கொடுக்காமல் தரம் வேணும் என்று கேட்பது என்ன ஞாயம்?

இதுக்கு எதிரா வரக்கூடிய பேச்சு எனக்குத் தெரியும். கம்பஸில ரூமில பேசினாலே வந்திடும். "நாக்கால சம்பளம் கூடுமா? போராட்டத்தாலதான் கூடும். 2021இல் ஆயிரம் ரூபாய் வந்தது தெருவுக்கு இறங்கித்தான். 2024இல் 1700 ரூபாய் என்று வர்த்தமானி வந்து, கம்பனிகள் நீதிமன்றம் போனதும் ஞாபகம் இருக்கா? இந்த நேரத்தில போய் வைன், வாசம் என்று!"

போராட்டம்தான் கூட்டும், மறுப்பே இல்ல. நான் கேட்பது, போராட்ட மேசைக்கு நாம என்ன கொண்டு போறோம் என்பது. கம்பனி தரப்பு ஒவ்வொரு முறையும் உற்பத்திச் செலவுக் கணக்கோட வரும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுக்கிறார், வேற நாட்டில எத்தனை எடுக்கிறாங்க என்று ஒப்பிடும். நாம வாழ்க்கைச் செலவோட போவோம். மா விலை, அரிசி விலை, பஸ் காசு. ரெண்டு பக்கமும் உண்மைதான். ஆனா எந்தப் பக்கமும் தேயிலையைப் பற்றிப் பேசல. அதோட தரத்தைப் பற்றி, அந்தத் தரம் யாருடைய கையால வருது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்ல. கிலோவில மட்டும் பேசினால் கிலோவில மட்டும்தான் பதில் வரும். "இன்னும் கூட எடு" என்பதுதான் அந்தப் பதில்.

இன்னொரு பேச்சு, சுவை பார்ப்பதெல்லாம் மேட்டுக்குடி வேலை என்பது. அப்படியா? நம்ம வீட்டு ஆட்களின் நாக்கைக் கவனிச்சிருக்கீங்களா? கடைத் தூளுக்கும் ஸ்டோர்த் தூளுக்கும் வித்தியாசம் ஒரு மிடறில சொல்லுவாங்க. "சாயம் இருக்கு, சாரம் இல்ல" என்பாங்க. "புகை அடிச்சிருக்கு", "கருகியிருக்கு", "பச்சை வாடை", "சப்பென்று இருக்கு", "நாக்கைப் பிடிக்குது" என்பாங்க. ஆங்கிலத்தில் டேஸ்டர்கள் எழுதுகிற குறைகளில பாதி இந்தச் சொற்களுக்குள்ள வந்திடும். திறமை இல்லாதது பிரச்சினை இல்ல. அந்தச் சொற்களை யாரும் சேர்த்து வைக்கல, அதுக்கு மேல அடுத்த படி கட்டல. அதைவிட, லயத்துக்கு வருகிற தூள் ஏலத்துக்குப் போகிற தூள் இல்ல. நாம பறிச்ச நல்ல கொழுந்து கோப்பையில எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வாய்ப்பே கிடைக்கல. ஒப்பிடாமல் எந்த நாக்கும் படிக்காது, போர்தோ மாணவர்களோட நாக்கும்தான்.

அதனால மூன்று விசயம் சொல்றேன்.

முதலாவது வீட்டிலேயே செய்யலாம். வருகிற ஜூலையில் நாலு பேர் சேருங்க. லயத்துத் தூள், கடைத் தூள், ஒரு ஊவாத் தோட்டத்தின் பருவத் தேயிலை, திம்புளையோ ருகுணையோ என்று வேற பிரதேசத் தேயிலை ஒன்று. முடிந்தவரை ஒரே ரகமாக, எல்லாம் பி.ஓ.பி. என்றால் எல்லாம் பி.ஓ.பி.யாக எடுங்க. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்பதெல்லாம் துகளின் அளவும் தோற்றமும்தான், சுவையின் மதிப்பெண் இல்ல. பொடி சீக்கிரம் சாயம் இறக்கும், பெரிசு மெதுவா இறக்கும், கலந்து வைத்தால் ஒப்பீடு பிழைக்கும். நகைக்கடைத் தராசு தேவையில்ல, ஒரே கரண்டியால தட்டி அளந்தால் போதும். வெள்ளைக் கோப்பை, கொதித்த தண்ணி, ஆறு நிமிசம். சீனி வேணாம், பால் வேணாம். கோப்பைக்கு அடியில இலக்கம் எழுதுங்க, எது எது என்று ஒருத்தருக்கு மட்டும் தெரியட்டும், அவர் சுவைக்க வேணாம். முதலில் நிறம், பிறகு ஊறிய இலை, பிறகு வாசம், பிறகு வாய். பேசிக்கொள்ளாமல் எழுதுங்க. தமிழில எழுதுங்க. எழுதி முடிச்ச பிறகு ஒப்பிடுங்க. எந்தச் சொல் நாலு பேர் தாளிலும் வந்திருக்கோ அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்க. இப்படித்தான் அகராதி உருவாகும்.

இரண்டாவது, படிப்பு. பதுளையில உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு என்று ஒரு பட்டப்படிப்பே இருக்கு. உயர்தரத்தில விஞ்ஞானம் படிக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு வாசல் என்று எத்தனை பாடசாலைகளில சொல்றாங்க? டொக்டர், இன்ஜினியர், இல்லாட்டி டீச்சர் என்று நாம நிறுத்திடுறோம். டேஸ்டர் என்று ஒரு வேலை இருக்கு என்பதை, தேயிலைக்கு நடுவில பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்றதில்ல. கலைப்பீடத்தில இருக்கிற நமக்கும் வேலை இருக்கு. சொல் சேர்ப்பது, மொழிபெயர்ப்பது, வயசானவங்களிடம் கேட்டு எழுதி வைப்பது நம்ம பாடம்தானே.

மூன்றாவதுதான் பெரிசு, சங்கங்களுக்கானது. கொழும்பு ஏலத்தில ஒவ்வொரு தோட்டத்துத் தேயிலையும் அதோட மார்க் பேரில்தான் விற்கப்படுது. தரகர் நிறுவனங்கள் வாராவாரம் வெளியிடுகிற சந்தை அறிக்கைகளில் நல்ல விலை எடுத்த மார்க்குகளின் பேரும் விலையும் இருக்கும். அது இரகசியம் இல்ல, ஆங்கிலத்தில இருக்கு, அவ்வளவுதான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அந்தத் தகவலைத் தமிழில ஒரு பக்கத்தில எழுதி மடுவத்துப் பலகையில ஒட்டச் சொல்லிக் கேட்கலாம். தோட்டம் ஒட்டாட்டி நாமளே ஒட்டலாம். நம்ம மார்க் இந்த வாரம் என்ன விலைக்குப் போனது, ஏப்ரல் மாசத்தில என்ன விலைக்குப் போனது. ரெண்டு இலக்கம் போதும். அந்த ரெண்டுக்கும் இடையில உள்ள வித்தியாசத்தில பறிக்கிறவருக்கு ஒரு பங்கு, பருவ காலத்தில கிலோ அளவு உரிமையாகவே குறைக்கப்படணும், ரெண்டு இலை ஒரு மொட்டுக்குத் தனிக் காசு. அடுத்த சம்பளப் பேச்சில இந்த மூன்றையும் எழுத்தில வைக்கட்டும்.

"விலை கூடினதுக்குக் காரணம் காற்று, ஸ்டோர், சந்தை" என்று பதில் வரும். காரணங்களில அதுவும் உண்டு. ஆனா கையும் உண்டு. அந்த வாசம் எது, எந்த இலையில வருது, எந்த இலையில கெடுது என்று சொல்லத் தெரிஞ்ச ஒரு ஆள் நம்ம பக்கத்து நாற்காலியில இருந்தால் அந்தப் பதிலோட பேச்சு முடியாது. அந்த ஆளை உருவாக்க முப்பது வருசம் காத்திருக்கத் தேவையில்ல. நாலு வெள்ளைக் கோப்பையும் ஒரு கொப்பியும் போதும். கச்சான் எப்படியும் ஜூலையில வரும்.